பிபிஎல் வகுப்பில் ட்யூட்டரின் வேலை என்ன? மருத்துவ ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரச்சினை சார்ந்த கற்றல், சுருக்கமாக பிபிஎல்: ஒரு நோயாளியின் பிரச்சினையை (இதைத்தான் கேஸ் என்கிறோம்) மாணவர்கள் சிறு குழுவாக அலசி, தாமே தேடிப் படிக்கும் முறை. குழுவோடு உட்காரும் ஆசிரியர்தான் ட்யூட்டர். இந்த வகுப்புக்கு முதல்முறை ட்யூட்டராகப் போகிறவரிடம் பெரும்பாலும் ஒரே ஒரு அறிவுரைதான் சொல்லி அனுப்புகிறார்கள்: "நீங்க பாடம் நடத்தாதீங்க." நடத்தாமல் வேறு என்ன செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய் பலகையில் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரு மூலையில் உட்கார்ந்தவர்கள் கடைசிவரை வாயே திறப்பதில்லை. இரண்டிலுமே நஷ்டம் மாணவர்களுக்குத்தான்.

ட்யூட்டரின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது யாருக்கும் உதவாது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மாணவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று இடைவிடாமல் கவனிக்க வேண்டும். அந்த யோசனை ஒரு படி முன்னே போக எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் தலையிட வேண்டும். கவனிப்பது முழுநேர வேலை. பேசுவது அதில் ஒரு சின்னப் பகுதி. இதை வகுப்பறையில் செய்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், இந்த முறை எதற்காக வந்தது

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969-இல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்தபோது பிபிஎல்லை அடிப்படையாக வைத்துத் தொடங்கியது. இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் நரம்பியல் மருத்துவரான ஹோவர்ட் பேரோஸ். உடற்கூறியலையும் உயிர்வேதியியலையும் தேர்வில் எழுதித் தேறிய மாணவர்கள், நோயாளியின் முன் நிற்கும்போது அந்த அறிவை எடுத்துப் பயன்படுத்தத் தடுமாறுவதுதான் அவரை உறுத்திய விஷயம். நோயாளியின் பிரச்சினையிலிருந்தே படிப்பைத் தொடங்கினால் என்ன என்ற கேள்வி அங்கிருந்து வந்தது. 1974-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், 1978-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில், 1985-இல் ஹார்வர்ட் என்று இது பரவியது.

பேரோஸ் ட்யூட்டருக்குக் கொடுத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நல்ல மருத்துவர் நோயாளியின் அருகில் நிற்கும்போது தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளை, தொடக்கத்தில் ட்யூட்டர் வாய்விட்டுக் கேட்கிறார். கொஞ்ச நாளில் மாணவர்கள் ஒருவரையொருவர் அதே கேள்விகளைக் கேட்கத் தொடங்குகிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுக்கொள்கிறார். ட்யூட்டரின் குரல் மெல்ல மெல்லத் தேவையற்றுப் போக வேண்டும் என்பதே திட்டம்.

2006-இல் கல்வி ஆய்வாளர்களான கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை, வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் முறைகள் புதிதாகக் கற்பவர்களுக்குப் பலன் தருவதில்லை என்று வாதிட்டது. பிபிஎல்லையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே சிண்டி மெலோ-சில்வரும் இன்னும் இருவரும் மறுப்பு எழுதினார்கள்: சரியாக நடக்கும் பிபிஎல்லில் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது, அது விரிவுரை வடிவில் இல்லை, அவ்வளவுதான் என்றார்கள். என் கணிப்பில் இரண்டு தரப்புமே ட்யூட்டருக்குப் பாடம் சொல்கின்றன. நீங்கள் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டால் முதல் தரப்பு சொன்ன குறை உங்கள் வகுப்பில் அப்படியே உண்மையாகிவிடும்.

படி 1: வகுப்புக்கு முன்பே பாதி வேலை

கேஸையும் ட்யூட்டர் கையேட்டையும் வகுப்புக்குப் போகிற வழியில் புரட்டிப் பார்ப்பது போதாது. முந்தின நாளே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இந்த கேஸில் எது எதனால் வருகிறது என்று அம்புக்குறி போட்டு நீங்களே ஒரு படம் வரைந்து பாருங்கள். கையேட்டைப் பார்க்காமல் வரைவது முக்கியம். நீங்கள் எங்கே திணறுகிறீர்களோ அங்கேதான் மாணவர்களும் பெரும்பாலும் திணறுவார்கள்.

அப்புறம் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குழு கட்டாயம் வந்துசேர வேண்டிய நான்கைந்து கருத்துகள் எவை? வழக்கமாக எந்த இடத்தில் தவறான புரிதல் வரும்? இந்த மாணவர்கள் இதுவரை எதைப் படித்திருக்கிறார்கள், எதைப் படிக்கவில்லை? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அமில-காரச் சமநிலையை இன்னும் தொடாத மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு, ஏற்கெனவே படித்துவிட்டு மறந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

உட்காரும் இடத்தையும் யோசியுங்கள். மேசையின் தலைப்பக்கம் வேண்டாம், பலகைக்குப் பக்கத்திலும் வேண்டாம். மாணவர்களுக்கு இடையில் ஒரு நாற்காலி போதும். எல்லார் முகமும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஆனால் எல்லார் பார்வையும் உங்களை நோக்கித் திரும்பும்படி இருக்கக் கூடாது.

படி 2: முதல் சந்திப்பில் ஒப்பந்தம்

குழுவில் ஆறிலிருந்து பத்துப் பேர் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். ஒருவர் அமர்வை நடத்துகிற தலைவர், ஒருவர் பலகையில் எழுதுபவர். இந்தப் பொறுப்புகள் ஒவ்வொரு கேஸுக்கும் கை மாற வேண்டும்.

உங்கள் பங்கு என்ன என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "நான் விடை சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் மாணவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். நான் கேள்வி கேட்டா, நீங்க சொன்னது தப்புன்னு அர்த்தம் இல்ல, சரியா இருந்தாலும் கேட்பேன். நீங்க ஆபத்தான திசையில போனா கண்டிப்பா நிறுத்துவேன்." கடைசி வாக்கியம் அவர்களுக்குப் பெரிய நிம்மதியைத் தரும். தப்பாகப் படித்துக்கொண்டு போய்விடுவோமோ என்ற பயம் பிபிஎல் மாணவர்கள் எல்லாருக்கும் இருக்கிறது, அது நியாயமான பயம்தான்.

"தெரியாது" என்று சொல்வது இந்த அறையில் சாதாரண விஷயம் என்பதையும் அன்றே நிறுவிவிட வேண்டும். அதை வாயால் அறிவிப்பதைவிட, உங்களுக்குத் தெரியாத ஒன்று வரும்போது "எனக்கும் இது சரியா தெரியாது, எங்க தேடலாம்?" என்று கேட்டுவிடுவது நன்றாக வேலை செய்கிறது.

படி 3: ஏழு படிகளுக்குள் உங்கள் இடம்

மாஸ்ட்ரிக்டில் உருவான ஏழு படி முறையைத்தான் பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன. புரியாத சொற்களைத் தெளிவுபடுத்துவது, பிரச்சினை எது என்று வரையறுப்பது, தெரிந்ததை வைத்து விளக்கங்களைக் கொட்டுவது, அவற்றை ஒழுங்குபடுத்திப் பலகையில் அம்புக்குறிப் படமாக இணைப்பது, கற்றல் இலக்குகளை எழுதுவது. இந்த ஐந்தும் முதல் அமர்வில் நடக்கும். ஆறாவது தனியாகப் படிப்பது. ஏழாவது, இரண்டாம் அமர்வில் கூடி, படித்ததைப் பிரச்சினையோடு பொருத்திப் பார்ப்பது.

முதல் இரண்டு படிகள் மாணவர்கள் தாமாகவே ஓட்டிவிடுவார்கள். அங்கே நேரம் வீணாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்றாவதும் நான்காவதும்தான் பிபிஎல்லின் நெஞ்சுப்பகுதி. ஏற்கெனவே தெரிந்ததைத் தட்டி எழுப்பாமல் புதிதாகப் படிப்பது ஒட்டாது. இந்த இரண்டையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நேராகக் கற்றல் இலக்குகளுக்கு ஓடுகிற குழுக்கள் நிறைய. அப்படி ஓடுகிற குழுவைத் தடுத்து நிறுத்துவது உங்கள் முதல் பெரிய வேலை.

ஒரு கேஸை வைத்தே பார்ப்போம்.

17 வயதுப் பையன். இரண்டு வாரமாக அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை 5 கிலோ குறைந்திருக்கிறது. நேற்றிலிருந்து வாந்தி, வயிற்று வலி. அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது அரைமயக்கம். ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறான். நுரையீரலில் கோளாறு எதுவும் கேட்கவில்லை, ஆக்சிஜன் அளவும் குறையவில்லை.

இதை வாசித்த உடனே ஒரு மாணவர் சொல்லிவிடுவார்: "டயபடிக் கீட்டோஅசிடோசிஸ்." இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்துவிடும் சர்க்கரை நோய்ச் சிக்கல் அது. எல்லாரும் தலையாட்டுவார்கள். பெயர் கிடைத்துவிட்டது, கேஸ் முடிந்துவிட்டது என்ற நிம்மதி அறையில் பரவும். புதிய ட்யூட்டர் இங்கே தடுமாறுவார். சரியான விடையை எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம். "சரி, இருக்கலாம். அந்தப் பேரை ஓரமா எழுதி வையுங்க. நுரையீரல் நல்லா இருக்கு, ஆக்சிஜனும் குறையல. அப்புறம் எதுக்கு இவன் இப்படி மூச்சு விடுறான்?"

"ரத்தத்துல ஆசிட் ஏறிடுச்சு, அதை வெளியேத்த" என்று பதில் வரும். "மூச்சு வழியா ஆசிட் எப்படி வெளியே போகும்?" இங்கே அறை அமைதியாகும். ஒருவர் கார்பன் டை ஆக்சைடு என்பார். இன்னொருவர் பைகார்பனேட் என்பார். ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக மாறுகிற சமன்பாட்டை யாராவது பலகையில் பாதி எழுதுவார். எந்தத் திசையில் அம்புக்குறி போடுவது என்று இரண்டு பேர் வாதாடுவார்கள். அடோல்ஃப் குஸ்மால் 1874-இல் விவரித்த அந்த மூச்சு, பாடப்புத்தகத்துப் பெயராக இருந்தது, இப்போது அவர்கள் காரணம் தேடுகிற ஒரு நிகழ்வாகிவிட்டது. நீங்கள் கேட்டது இரண்டே கேள்விகள்.

இப்போது அடுத்த தாளைக் கொடுக்கலாம். குளுக்கோஸ் 480, பிஎச் 7.20, பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 21, சோடியம் 130, குளோரைடு 95, பொட்டாசியம் 5.6. சிறுநீரில் கீட்டோன்கள். இந்தத் தாளை முன்னாடியே கொடுத்திருந்தால் மூச்சைப் பற்றிய வாதம் நடந்தே இருக்காது. எண்கள் எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கும். எந்தத் தகவலை எப்போது கையில் கொடுப்பது என்பதும் ட்யூட்டரின் முடிவுதான். குழுவின் யோசனை ஒரு எல்லைக்கு வந்து நின்ற பிறகு கொடுங்கள்.

அனயான் கேப்பை, அதாவது சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வரும் எண்ணை, ஒருவர் கணக்குப் போட்டு 27 என்பார். நல்லது. அப்போது இன்னொரு மாணவி சொல்கிறார்: "பொட்டாசியம் 5.6. அதிகமா இருக்கு, குறைக்கணும்." பக்கத்தில் இருப்பவர் இழுக்கிறார்: "ஆனா ரெண்டு வாரமா சிறுநீர் அவ்வளவு போயிருக்கு, வாந்தி வேற. பொட்டாசியம் குறையத்தானே செய்யணும்?"

இந்த நொடிக்காகத்தான் நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த முரண்பாடு பல நேரம் யாரும் கவனிக்காமல் கடந்துபோய்விடும். தலைவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நீங்கள் குறுக்கிட வேண்டும்: "ஒரு நிமிஷம். இவங்க ரெண்டு பேர் சொல்றதையும் அப்படியே பலகையில எழுதுங்க. ஒரே உடம்புல ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்?" அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். உடலின் பொட்டாசியத்தில் பெரும்பகுதி செல்லுக்குள் இருக்கிறது, இன்சுலின் இல்லாததாலும் ரத்தம் அடர்த்தியானதாலும் அது வெளியே வந்திருக்கிறது, வந்ததில் நிறைய சிறுநீரில் போய்விட்டது, இன்சுலின் ஏற்றினால் மிச்சமும் செல்லுக்குள் திரும்பி ரத்தத்தில் அளவு ஆபத்தான அளவுக்கு விழலாம் என்று நீங்கள் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். விளக்கினால் எழுதிக்கொள்வார்கள், தேர்வு வரை நினைவிருக்கும். முரண்பாட்டைத் தீர்க்காமல் வீட்டுக்கு அனுப்பினால் அன்றிரவே புத்தகத்தைத் திறப்பார்கள்.

படி 4: கற்றல் இலக்குகளைக் கூராக்குவது

அமர்வின் முடிவில் பலகையில் "பொட்டாசியம்", "இன்சுலின்", "அமில-காரச் சமநிலை" என்று தலைப்புகள் வரிசையாக வந்து நிற்கும். இவை இலக்குகள் ஆகாது, பாடப்புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கம் மாதிரி இருக்கிறது. இப்படி விட்டால் ஒவ்வொருவரும் ஒரு அத்தியாயத்தை முழுசாகப் படித்துவிட்டு வருவார்கள், கேஸோடு எதுவும் சேராது.

"இதைப் படிச்சா எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கணும்?" என்று கேளுங்கள். "பொட்டாசியம்" என்பது "மொத்த உடலில் பொட்டாசியம் குறைந்திருக்கும்போது ரத்தத்தில் மட்டும் ஏன் அதிகமாகக் காட்டுகிறது? இன்சுலின் கொடுத்தபின் அது என்ன ஆகும்?" என்று மாற வேண்டும். கேள்வியாக எழுதிய இலக்கைக் கொண்டு படிப்பவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

கையேட்டில் உள்ள இலக்குகளில் ஒன்று விடுபட்டுப் போனால்? பட்டியலை எடுத்து வாசித்துவிடாதீர்கள். ஒருமுறை வாசித்தால் அடுத்த வாரத்திலிருந்து மாணவர்கள் யோசிப்பதை விட்டுவிட்டு நீங்கள் வாசிக்கப்போவதற்காகக் காத்திருப்பார்கள். "பலகையில இருக்கிற எந்த அம்புக்குறியை நம்மால இன்னும் விளக்க முடியல?" என்று கேட்டால் பெரும்பாலும் விடுபட்டது வந்துவிடும். அப்போதும் வராவிட்டால், அது இல்லாமல் அடுத்த கேஸ் நகராது என்றால் மட்டும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: இலக்குகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்ள விடாதீர்கள். நேரம் மிச்சம் என்று மாணவர்கள் கெஞ்சுவார்கள். பங்கு போட்டால் இரண்டாம் அமர்வில் விவாதம் இருக்காது, ஒவ்வொன்றாக ஒப்பித்தல்தான் நடக்கும். எல்லாரும் எல்லா இலக்குகளையும் தொட வேண்டும், ஆனால் வெவ்வேறு நூல்களிலிருந்து படித்து வரட்டும்.

கேள்வி கேட்கும் கைப்பழக்கம்

ட்யூட்டரின் கையிருப்பில் எப்போதும் இருக்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். ஆனால் அவை வாயில் தானாக வரும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

- "அதை உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க." பாடப்புத்தகச் சொல்லுக்குப் பின்னால் புரிதல் இருக்கிறதா என்று பார்க்க.
- "எதை வச்சு அப்படி சொல்றீங்க?" ஆதாரத்தைத் தேட வைக்க.
- "அது எப்படி இதை உண்டாக்குது? நடுவுல என்ன நடக்குது?" காரணச் சங்கிலியில் விட்டுப்போன கண்ணியைக் காட்ட.
- "இது தப்பா இருந்தா, நாம என்ன பார்த்திருப்போம்?" ஒரே நோயில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். நோயறிதலில் நடக்கும் பல பிழைகளுக்குக் காரணம், முதலில் தோன்றியதோடு நின்றுவிடுவதுதான்.
- "இப்ப நாம எங்க நிக்கிறோம்?" குழு சிதறும்போது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. உங்கள் மனதில் இருக்கும் ஒரு சொல்லை மாணவர்கள் யூகிக்கும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்பது கேள்வியே இல்லை, அது மறைமுக விரிவுரை. "ஆமா, இல்ல" என்று முடிந்துவிடும் கேள்விகளால் பயனில்லை. ஒரே மூச்சில் மூன்று கேள்விகளை அடுக்குவதும் அப்படித்தான், எதற்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் எல்லாரும் மௌனமாகிவிடுவார்கள்.

கேட்டபின் காத்திருங்கள். பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, 1970-களிலேயே இதைக் காட்டிவிட்டார்: ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, காரணத்தோடு வருகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மருத்துவக் கேள்விக்கு இன்னும் அதிகம் வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி உங்களுக்குத்தான் நீளம். யோசிக்கிறவருக்கு அது போதாது.

உங்கள் உடம்பும் பேசுகிறது என்பதை மறக்கக் கூடாது. ஒரு மாணவர் சொன்னதும் நீங்கள் தலையசைத்தால் அது விடை. புருவம் சுருங்கினால் அதுவும் விடை. யாராவது சொன்னதை உடனே நீங்கள் குறிப்பேட்டில் எழுதினால், "அப்ப இதுதான் சரி போல" என்று பத்து ஜோடிக் கண்களும் கவனித்துவிடும். எழுதுவதானால் எல்லார் சொல்வதையும் எழுதுங்கள். ஒருவர் பேசி முடித்து உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, நீங்கள் குழுவைப் பாருங்கள். அவர் பார்வையும் அங்கே திரும்பும்.

தவறு நடக்கும்போது எப்போது பேசுவது

நான் பின்பற்றச் சொல்லும் வரிசை இது. ஒருவர் தவறாகச் சொன்னால் முதலில் குழுவுக்கு வாய்ப்புக் கொடுங்கள். பெரும்பாலும் வேறொருவர் பிடித்துவிடுவார். பிடிக்கவில்லை என்றால், "இதுல எல்லாரும் ஒத்துப்போறீங்களா? எவ்வளவு உறுதியா சொல்வீங்க?" என்று கேளுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், அதைக் கேள்வியாக மாற்றிக் கற்றல் இலக்குகளில் சேர்த்துவிடுங்கள். முதல் அமர்வில் தவறு இருப்பதில் தப்பே இல்லை. தெரிந்ததை வைத்து யூகிக்கிற இடம் அது.

இரண்டாம் அமர்வின் முடிவில் தவறு அப்படியே நின்றால் கதை வேறு. அப்போது நேரடியாகத் திருத்துங்கள். நோயாளிக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய தவறு என்றால், அமர்வு எதுவானாலும் அன்றே திருத்துங்கள். பொட்டாசியம் மிகவும் குறைவாக இருக்கும்போது அதை ஈடுகட்டாமல் இன்சுலின் தொடங்கலாம் என்ற எண்ணத்தோடு ஒரு மாணவரும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. முறையின் தூய்மையைக் காப்பதற்காக இதை விட்டுவிடுவது மருத்துவ ஆசிரியருக்கு அழகில்லை.

படி 5: இரண்டாம் அமர்வு

பல இடங்களில் பிபிஎல் சோர்ந்துபோவது இங்கேதான். மாணவர்கள் மடிக்கணினியைத் திறந்து, படித்ததை வரிசையாக வாசிப்பார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரியும்.

இந்த ஒப்பித்தலை உடைக்க ஒரு வழி: முதல் பதினைந்து நிமிடம் குறிப்புகளை மூடி வைக்கச் சொல்லுங்கள். பலகையில் போன அமர்வின் படம் இருக்கட்டும். "போன தடவை நம்மால விளக்க முடியாத அம்புக்குறி எது? இப்ப யார் போடுறீங்க?" என்று தொடங்குங்கள். இரண்டு நூல்கள் வெவ்வேறு மாதிரி சொல்லும் இடம் வரும்போது விடாதீர்கள். எது புதியது, எது எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது என்று அவர்களே அலசட்டும்.

அப்புறம் கேஸை ஒரு திருப்பு திருப்புங்கள். "இதே பையனுக்குப் பொட்டாசியம் 2.9 வந்திருந்தா முதல்ல என்ன செய்வீங்க?" "இவன் சர்க்கரை நோய்க்காரன் இல்ல, சிறுநீரகம் செயலிழந்தவன்னு வைங்க. இதே மூச்சு வருமா?" புரிந்துகொண்டவருக்கும் மனப்பாடம் செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

படி 6: குழுவுக்குள் சிக்கல்கள்

பேசாதவரைப் பற்றி முதலில். எல்லார் முன்னாலும் "நீங்க ஏன் பேசவே இல்ல?" என்று கேட்டால் அவர் அடுத்த வாரமும் பேச மாட்டார். அமர்வு முடிந்ததும் தனியாகக் கேளுங்கள். காரணம் வெவ்வேறாக இருக்கும்: மொழித் தயக்கம், படிக்காமல் வந்தது, போன வாரம் யாரோ சிரித்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பலகையில் எழுதும் பொறுப்பை நிரந்தரமாக அவரிடம் தள்ளிவிடுவது பலர் செய்யும் ஏற்பாடு. அது அவரை இன்னும் மௌனமாக்கும். சில நேரம், பேசுவதற்கு முன் எல்லாரும் ஒரு நிமிடம் தாளில் எழுதட்டும் என்று சொன்னாலே போதும், அவரிடம் வாசிக்க ஏதாவது இருக்கும்.

எல்லாவற்றையும் தானே பேசிவிடுபவர் பெரும்பாலும் ஆர்வமுள்ள மாணவர், அவரைக் காயப்படுத்தாதீர்கள். "நீங்க சொன்னதை இன்னொருத்தர் படமா வரைஞ்சு காட்டுங்க" என்று அவருடைய கருத்தையே குழுவின் சொத்தாக்குங்கள். அடுத்த கேஸுக்கு அவரைத் தலைவராக்குங்கள், மற்றவர்களைப் பேச வைப்பதே அவர் வேலையாகிவிடும்.

ஓசியில் பயணம் செய்பவர், அதாவது மற்றவர் படித்துவருவதைக் கேட்டே ஒப்பேற்றுபவர், இருந்தால் அதைக் குழுவே முதலில் பேசட்டும். "நம்ம ஒப்பந்தப்படி எல்லாரும் எல்லா இலக்கையும் படிச்சு வரணும். இந்த வாரம் அது நடந்துச்சா?" என்று அமர்வின் இறுதியில் பொதுவாகக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றால் தனியாக, நேராகப் பேசிவிட வேண்டும்.

துறை நிபுணர்தான் ட்யூட்டராக இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சிகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஹார்வர்டில் சில்வரும் வில்கர்சனும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் துறை சார்ந்த கேஸை நடத்தும்போது ட்யூட்டர்கள் அடிக்கடி பேசினார்கள், நீளமாகப் பேசினார்கள், நேரடி விடைகள் கொடுத்தார்கள். மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது குறைந்தது. மறுபக்கம், மாஸ்ட்ரிக்டில் ஹென்க் ஷ்மிட் 1994-இல் எழுதியது: மாணவர்களுக்கு முன்னறிவு குறைவாக இருக்கும்போதும், பாடத்திட்டத்தில் கட்டமைப்பு தளர்வாக இருக்கும்போதும் ட்யூட்டரின் துறையறிவு நிறைய உதவுகிறது.

ஷ்மிட்டும் மௌஸ்டும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பயனுள்ளதாகப் படுகிறது. துறையறிவும், மாணவர்கள் மேல் உண்மையான அக்கறையும் சேரும்போது மூன்றாவதாக ஒரு திறன் பிறக்கிறது என்கிறார்கள்: மாணவருக்குப் புரிகிற மொழியில் பேசுவது, அவருக்கு எது கடினமாக இருக்கும் என்று உணர்வது. குழு நன்றாக இயங்குவது இந்தத் திறனோடுதான் நெருக்கமாகப் போகிறது. மூத்த மாணவர்கள் ட்யூட்டராக இருக்கும்போது நன்றாக நடப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். போன வருடம் தாங்கள் எங்கே முட்டிக்கொண்டோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது.

ஆக, நீங்கள் நாளமில்லாச் சுரப்பி நிபுணராக இருந்து மேலே சொன்ன கேஸை நடத்தப் போனால், நாவைக் கட்டிக்கொள்வதில்தான் கூடுதல் பயிற்சி தேவை. எலும்பு மருத்துவராக இருந்து இதே கேஸை நடத்தினால், முந்தின நாள் படம் வரைவதில் கூடுதல் நேரம் தேவை. இரண்டு பேருமே நல்ல ட்யூட்டராக இருக்க முடியும்.

படி 7: கடைசிப் பத்து நிமிடம்

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் பத்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். நேரம் இழுத்துக்கொண்டு போகும்போது முதலில் பலியாவது இதுதான், அதனால் கடிகாரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் மாணவர் தன்னைப் பற்றிச் சொல்லட்டும், அடுத்து சக மாணவர், கடைசியில் நீங்கள். உங்கள் கருத்து, நடந்த ஒன்றைச் சுட்ட வேண்டும். "நல்லா பண்ணீங்க" என்பதில் எதுவும் இல்லை. "பொட்டாசியம் விஷயத்துல எல்லாரும் ஒத்துக்கிட்ட பிறகும் நீங்க விடாம கேட்டீங்க. அதனாலதான் அந்த இலக்கு கிடைச்சது" என்று சொன்னால் அந்த மாணவர் அதை மறுபடியும் செய்வார். குறை சொல்வதானாலும் இதே மாதிரிதான்: எந்த நிமிடம், என்ன நடந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம்.

உங்களைப் பற்றியும் கேளுங்கள். "நான் இன்னைக்கு எங்க அதிகமா பேசினேன்? எங்க உதவி வேணும்னு நினைச்சப்ப பேசாம இருந்தேன்?" முதல் இரண்டு தடவை மரியாதைக்காக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். விடாமல் கேட்டுவந்தால் சொல்வார்கள். மதிப்பெண் போடுபவரும் நீங்களே என்றால் இந்தப் பதில் நேர்மையாக வருவது கடினம். முடிந்தால் ட்யூட்டரைப் பற்றிய கருத்தைப் பெயர் எழுதாமல் தாளில் வாங்கி, தேர்வு முடிந்தபின் படியுங்கள்.

வாரம் ஒருமுறையாவது ஒரே கேஸை நடத்தும் ட்யூட்டர்கள் அரை மணி நேரம் கூடிப் பேசுவதற்கு இடம் செய்யுங்கள். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்கார்ந்து, ட்யூட்டர் எத்தனை தடவை பேசினார், ஒவ்வொரு தடவையும் கேட்டாரா சொன்னாரா என்று மட்டும் ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்தால் போதும், அந்தத் தாள் நிறைய சொல்லும். எல்லாக் குழுக்களும் ஒரே இடத்தில் திணறியிருந்தால் கோளாறு கேஸில் இருக்கலாம். எந்தத் தாளில், எந்த வரியில் குழுக்கள் நின்றன என்று எழுதி, கேஸைத் தயாரித்தவர்களிடம் அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.